காப்பி இல்லல, கோப்பி

செமஸ்டர் பரீட்சை முடிந்து ஊருக்கு வந்தாச்சு. சாரல் சீசன். ஐந்தருவியில் குளித்துவிட்டு, பல் தந்தியடிக்க வெளியே வந்து ஒரு கிளாஸ் காப்பி குடிப்பதற்காகவே மறுபடியும் போய்க் குளிக்கிற ஆள் நான். இந்தத் தடவை அந்தக் காப்பியைப் பற்றியே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத விஷயம் குற்றாலத்தைத் தாண்டி, கடலையும் தாண்டி இலங்கைக்குப் போய்விட்டது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறார். எல்லோருக்கும் அவர் ‘கண்டி ஆச்சி’. மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1970களில் இங்கே திரும்பி வந்தவர். (அந்த ‘திரும்பி’ என்ற வார்த்தையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.) அவர் வீட்டில் காப்பிக்கொட்டையை வறுக்கும்போது கொத்தமல்லியும் ஒரு துண்டு சுக்கும் சேர்த்து வறுப்பார். உரலில் இடிப்பார். பில்டர் எல்லாம் கிடையாது, துணியில் வடிகட்டிக் கருப்பட்டி போட்டுக் கொடுப்பார். சின்ன வயதில் ஒரு நாள் “ஆச்சி, காப்பி தாங்க” என்று போய் நின்றேன். “காப்பி இல்லல, கோப்பி” என்று திருத்தினார். கோப்பி அங்கேயிருந்து கொண்டுவந்த சொல், அந்த ‘ல’ இங்கே வந்து ஒட்டிக்கொண்டது :-)

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவருக்குக் கோப்பி எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நம் பள்ளிப் பாடத்திலும் ‘இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் போனார்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உண்மையில் முதலில் போனவர்கள் தேயிலைக்காகப் போகவில்லை. அவர்கள் போனபோது இலங்கையில் தேயிலைத் தோட்டமே கிடையாது. அவர்களைக் கூப்பிட்டது காப்பி. அறுபது வருடத்துக்குக் கிட்டத்தட்ட அந்தத் தீவு முழுக்கக் காப்பி ராஜ்ஜியம்தான். 1870ஐ ஒட்டி, பிரேசிலுக்கும் டச்சுக்காரர்களின் ஜாவாவுக்கும் அடுத்தபடியாக உலகச் சந்தைக்கு அதிகக் காப்பி அனுப்பிய நாடு இலங்கை என்றால் நம்புவீர்களா?

முதலில் காற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது நமக்குத் தெரிந்த காற்று. ஜூன் மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து நம் மேல் சாரலைத் தெளிக்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்று, அதே வாரங்களில் இலங்கையின் மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலும் மோதுகிறது. நமக்கு மலையின் நிழல் பக்கம், கணவாய் வழியாகக் கசிகிற மழை. அவர்களுக்கு நேரடி அடி. வெள்ளைக்காரனுக்கு இந்த ஒற்றுமை தெரிந்திருந்தது. 1800ஐ ஒட்டிய வருடங்களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்பு, பட்டை எல்லாம் நட்டுத் தோட்டம் போட்டுப் பார்த்தார்கள். டச்சுக்காரர்களிடம் இருந்த வாசனைச் சரக்கு வியாபாரத்தை உடைக்க வேண்டும் என்பது கணக்கு. கணக்கு பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் ஐந்தருவிப் பக்கத்துத் தோட்டங்களில் ஜாதிக்காயும் மங்குஸ்தானும் காய்க்கின்றன. சீசனில் சாலையோரக் கடையில் மங்குஸ்தான் வாங்கித் தின்று விரலில் கறை பண்ணிக்கொள்ளாதவர் யார்? குற்றாலத்தில் சில்லறையாக முடிந்த சோதனை, கடலுக்கு அந்தப் பக்கம் வேறொரு செடியை வைத்துப் பிரம்மாண்டமாக நடந்தது.

காப்பிச் செடி பிரிட்டிஷ்காரர்கள் வருவதற்கு முன்பே இலங்கையில் இருந்தது. அரபு வியாபாரிகள் கொண்டுவந்திருக்கலாம் என்பார்கள். சிங்களக் கிராமங்களில் வீட்டுப் பின்புறம் நட்டு வைத்திருந்தார்கள், குடிப்பதற்காக இல்லை! இலையைக் கறியில் போடுவார்கள், மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூக்கிற பூவைக் கோயிலில் புத்தருக்கு வைப்பார்கள். 1740 வாக்கில் டச்சுக்காரர்கள் கடற்கரையை ஒட்டிய சமவெளியில் பயிரிட்டுப் பார்த்துத் தோற்றார்கள். தோற்ற காரணம் எளிது. அராபிகா என்ற ரகத்துக்கு மலை வேண்டும், மிதமான குளிர் வேண்டும். கொஞ்ச நாள் காய வேண்டும், அதற்குப் பின் ஒரு மழை பெய்ய வேண்டும். அந்த மழைக்குத்தான் மொத்தச் செடியும் ஒரே நேரத்தில் பூக்கும். தோட்டக்காரர்கள் அதைப் பூமழை என்பார்கள். மலையோ கண்டி ராஜாவிடம் இருந்தது.

1815ல் கண்டி பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1820களில் கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரோடு போட்டார். அதே பத்தாண்டில் ஜார்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்குப் பக்கத்தில் தோட்டம் போட்டார். கவர்னரும் சும்மா இல்லை, கன்னொறுவையில் தனக்கென்று ஒரு காப்பித் தோட்டம் வைத்துக்கொண்டார். (கவர்னரே தோட்ட முதலாளி என்றால் சட்டம் யார் பக்கம் பேசும்?) 1830களில் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை முடிவுக்கு வந்து அங்கே உற்பத்தி சரிந்தது. 1835ல் இலங்கைக் காப்பிக்கும் மேற்கிந்தியக் காப்பிக்கும் இங்கிலாந்தில் ஒரே வரி என்று ஆனது. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்த மாதிரி எல்லோரும் மலை ஏறினார்கள். 1840ஆம் வருட அவசரச் சட்டம், பட்டா காட்ட முடியாத காட்டையெல்லாம் அரசாங்கச் சொத்து என்றது. ஏக்கர் 5 ஷில்லிங் என்று விற்றார்கள். ராணுவ அதிகாரி, சிவில் அதிகாரி என்று வாங்காத ஆள் இல்லை.

இனி சுவைக்கு வருகிறேன். இந்தப் பகுதியைப் படித்தபோதுதான் தென்காசி காப்பிப்பொடிக் கடையின் பலகை எனக்குப் புரிந்தது. ‘பிளாண்டேஷன் ஏ’, ‘பீபெரி’, ‘செர்ரி’ என்று எழுதியிருப்பார்கள் இல்லையா? பிளாண்டேஷன் என்றால் தோட்டத்தில் விளைந்தது என்றுதான் நினைத்திருந்தேன். எல்லாமே தோட்டத்தில்தானே விளைகிறது! விஷயம் அது இல்லை. பழத்தைப் பறித்த அன்றைக்கே மெஷினில் தோலை உரித்து, தொட்டியில் ஒரு நாள் ஊறவிட்டு, வழவழப்பு போகத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் பிளாண்டேஷன். பழத்தை அப்படியே தோலோடு வெயிலில் காயப்போட்டு, பிறகு குத்தி எடுத்தால் செர்ரி. கழுவியதில் புளிப்பும் வாசனையும் சுத்தமாகத் தெரியும். தோலோடு காய்ந்ததில் கனமான, சில சமயம் மண் வாடை கலந்த ருசி இருக்கும். பழத்துக்குள் இரண்டு தட்டைக் கொட்டைக்குப் பதிலாக ஒரே உருண்டைக் கொட்டை இருந்தால் அது பீபெரி.

19ஆம் நூற்றாண்டு லண்டன் சந்தையில் இலங்கைக் காப்பியும் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒன்று ‘பிளாண்டேஷன் சிலோன்’. இன்னொன்று ‘நேட்டிவ் சிலோன்’, அதாவது நாட்டுக் கோப்பி. கண்டிக் கிராமத்தார் வீட்டுக் கொல்லையில் விளைந்ததைப் பறித்து, காயப்போட்டு, உரலில் குத்தி, ஊர் ஊராக வரும் முஸ்லிம் வியாபாரிகளிடம் துணிக்கும் உப்புக்கும் மாற்றிக்கொண்ட சரக்கு அது. விலை எப்போதும் குறைவு. ஆனால் அளவு குறைவு இல்லை, ஏற்றுமதியில் பல வருடம் கணிசமான பங்கு இந்தக் கொல்லைக் கோப்பிதான். சிங்கள விவசாயி சோம்பேறி, அதனால்தான் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தோம் என்று துரைமார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சொந்த நிலமும் வயலும் கொல்லையில் காசு காய்க்கும் மரமும் வைத்திருந்தவன் அடுத்தவன் தோட்டத்தில் போய் ஏன் கூலிக்கு நிற்கப் போகிறான்? எனக்கு இதில் சோம்பேறித்தனம் எதுவும் தெரியவில்லை.

பிளாண்டேஷன் காப்பியிலும் எல்லா மலையும் ஒரே மலை இல்லை. முதலில் திறந்தது கம்பளை, கண்டி, தும்பறைப் பள்ளத்தாக்கு. உயரம் குறைவு, வெப்பம் அதிகம், பழம் சீக்கிரம் பழுக்கும். சீக்கிரம் பழுத்த கொட்டை லேசாக இருக்கும், ருசியில் கூர்மை குறையும். தும்பறையில் டைட்லர் என்கிற துரை ஜமைக்காவில் கற்றுக்கொண்ட முறையைக் கொண்டுவந்தார். அதன்பின் 1840களில் கொத்மலை, புசல்லாவை, மாத்தளை, நக்கிள்ஸ் மலை என்று மேலே ஏறினார்கள். 2,500 அடியிலிருந்து 4,500 அடி வரை உள்ள இந்த நடு உயரம்தான் அராபிகாவுக்குச் சரியான இடம். இரவுக் குளிரில் பழம் நிதானமாகப் பழுக்கும், கொட்டை இறுகும், அந்த இறுக்கத்தில் புளிப்பும் வாசனையும் சேரும். நம் ஏற்காடு காப்பிக்கும் குடகுக் காப்பிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற மூக்குள்ளவர்களுக்கு இது புரியும்.

மலையின் முதுகைத் தாண்டினால் கிழக்கே ஊவா. பதுளை, அப்புத்தளை, மடுல்சீமை. அங்கே பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். மேற்குச் சரிவு நனைந்துகொண்டிருக்கும் மாதங்களில் ஊவாவில் காய்ந்த காற்று வீசும். லண்டனில் ஊவாக் காப்பிக்கு நல்ல பெயர் இருந்தது. பிற்காலத்தில் ஊவாத் தேயிலை தன் வாசனைக்காகப் பேர் வாங்கியதும் இந்தக் காற்றால்தான் என்பது தேயிலை குடிப்பவர்களுக்குத் தெரியும். கடைசியாக, 1860களிலும் 70களிலும் டிம்புல, டிக்கோயா, மஸ்கெலியா என்று 4,000 அடிக்கு மேலே ஈரக் காட்டுக்குள் போனார்கள். அங்கே மழை அதிகம், வெயில் குறைவு. காப்பிக்கு அது எல்லைக்கோடு.

ருசியை மலை மட்டும் தீர்மானிக்கவில்லை, மாட்டுவண்டியும் தீர்மானித்தது. மேற்கு மலைகளில் அறுவடைக் காலத்திலும் மழை விடாது. அதனால் கொட்டையை அரைகுறையாகக் காயவைத்து, மேலோடு போகாமல் மூட்டை கட்டி, மாட்டுவண்டியில் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கே கிட்டங்கி முற்றத்தில் மறுபடி வெயிலில் காயவைத்து, ஓடு நீக்கி, நூற்றுக்கணக்கான பெண்கள் உட்கார்ந்து பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். வழியில் வண்டி சேற்றில் மாட்டினால் ஈரக் கொட்டை மூட்டைக்குள்ளேயே புழுங்கிப் புளித்த வாடை ஏறும். 1867ல் கொழும்பு–கண்டி ரயில் வந்ததும் இந்தத் தலைவலி பாதி தீர்ந்தது. அந்த ரயிலே காப்பிக்காகப் போட்டதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. காப்பிப் பழம் ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். சிவந்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். பச்சை கலந்தால் கசப்பு, கனிந்து கறுத்தது கலந்தால் அழுகல் வாடை. ஆக, லண்டன் வியாபாரி சப்புக்கொட்டி விலை வைத்த அந்தச் சுவை கடைசியில் பறிக்கிற விரலில்தான் இருந்தது. அந்த விரல்கள் யாருடையவை?

திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம். பெரும்பாலும் தலித் மக்கள், அடுத்தவர் வயலில் பரம்பரையாக உழைத்தவர்கள், பஞ்சத்தில் முதலில் பட்டினி கிடப்பவர்கள். கங்காணி ஊருக்கு வருவார். அதே ஊர்க்காரராக இருப்பார், பல சமயம் சொந்தக்காரராகவும் இருப்பார். முன்பணம் கொடுப்பார். அந்த முன்பணம் கடனாகக் கழுத்தில் ஏறும். தினமும் வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு.

தென்காசிப் பக்கத்திலிருந்து ராமேஸ்வரம் கரைக்கு நடந்தே போக வேண்டும் என்றால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே படகேறித் தலைமன்னாரில் இறங்கினால் மறுபடி நடை. மன்னார், மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை சுமார் 150 மைல். பாதிக்கு மேல் ஆளில்லாத காடு. தண்ணீர் கிடையாது, இருந்தால் குடிக்கிற தண்ணீராக இருக்காது. மலேரியா, காலரா, வயிற்றுப்போக்கு. நடக்க முடியாதவரை வழியில் விட்டுவிட்டு மற்றவர்கள் போவார்கள். 1840களில் மட்டும் இப்படி வந்தவர்களில் 70,000 பேர் செத்திருப்பார்கள் என்று 1849ல் ‘கொழும்பு அப்சர்வர்’ பத்திரிகையே கணக்கிட்டது. நால்வரில் ஒருவர். அது தோட்டக்காரர்களுக்கு வேண்டிய பத்திரிகை என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இதைப் படித்தபோது ஒன்று உறுத்தியது. காப்பி நம் தமிழ் வீடுகளுக்குள் பரவலாக வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று ஒரு புத்தகத்துக்குத் தலைப்பே வைத்திருக்கிறார். அப்படியானால் 1840களில் புசல்லாவையில் காப்பி பறித்த நம்மூர் ஆளுக்குத் தான் பறிப்பது என்ன என்றே தெரிந்திருக்காது. அவர் ஊரில் அப்போது எல்லோருக்கும் நீராகாரம்தான்.

ஆனால் காப்பிக் காலத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. காப்பிக்கு அறுவடை மாதங்களில்தான் ஆள் அதிகம் வேண்டும். வந்தார்கள், பறித்தார்கள், பிழைத்தவர்கள் கையில் கொஞ்சம் காசோடு ஊர் திரும்பினார்கள், அடுத்த வருடம் மறுபடி போனார்கள். நம் ஊர்களுக்கும் அந்த மலைக்கும் இடையில் வருடா வருடம் இந்தப் போக்குவரத்து நடந்தது. 1854ல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று கிறிஸ்தவ மிஷன் ஒன்று தொடங்கியபோது, ஊழியத்துக்கு உபதேசியார்களைத் திருநெல்வேலியிலிருந்துதான் கூட்டிப்போனார்கள். மலையில் பேசிய தமிழ் நம்மூர்ப் பக்கத்துத் தமிழ், அதனால்.

1869ல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்று காப்பி விவசாயத்தைப் பற்றி ஒரு கும்மி நூல் எழுதினார். மலையகத்தைப் பற்றிய முதல் தமிழ் நூல்களில் ஒன்று. தோட்டக்காரர்களின் பக்கம் நின்று எழுதியது என்று பின்னால் வந்தவர்கள் விமர்சித்தார்கள். அது எப்படியோ, அவர் தேர்ந்தெடுத்த வருடம்தான் விசேஷம். அதே 1869ல் ஊவாவின் மடுல்சீமைத் தோட்டம் ஒன்றில் காப்பி இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. விரலால் தடவினால் மஞ்சள் தூள் மாதிரி ஒட்டியது.

பேராதனைத் தோட்டத்திலிருந்து தாவரவியலாளர் த்வெய்ட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சை நிபுணர் பெர்க்லி அதே வருடம் பெயர் வைத்தார், ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். முதல் சொல்லுக்குப் பாதி வழுவழுப்பு என்று பொருள், அதன் வித்து ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் வழுவழுப்பு. இரண்டாவது சொல்லுக்குப் பாழாக்குபவள் என்று பொருள். தோட்டக்காரர்கள் வாயில் நுழையாமல் அதை ‘டெவஸ்டேட்டிங் எமிலி’ என்று கூப்பிட்டார்கள். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. 1870ல் ஏற்றுமதி 10 லட்சம் ஹண்ட்ரட்வெயிட்டைத் தாண்டியது, அதாவது 5 கோடி கிலோவுக்கு மேல். இலை உதிர்ந்தால் என்ன, விலை ஏறுகிறதே என்று இன்னும் காடு வெட்டினார்கள். 1870களின் கடைசியில் பரப்பு 2,75,000 ஏக்கர் வரை போனது. துருவுக்குச் சாப்பாடு தட்டில் பரப்பி வைத்த மாதிரி, ஒரு மலையிலிருந்து அடுத்த மலை வரை இடைவெளி இல்லாமல் ஒரே செடி, நடுவில் நிழல் மரம்கூட இல்லை.

இந்தப் பூஞ்சை மரத்தை உடனே கொல்லாது. இலையைத் தின்னும். இலை உதிர்ந்த செடி காய்க்கும், ஆனால் அந்தக் காய்க்குச் சோறு போட இலை இருக்காது. கிளை நுனியிலிருந்து பட்டுக்கொண்டே வரும். வருடா வருடம் விளைச்சல் இறங்கும். 1880ல் மார்ஷல் வார்டு என்ற இளம் விஞ்ஞானியை அனுப்பினார்கள். ஈர இலையில் வித்து முளைத்து, இலை அடியிலுள்ள நுண்துளை வழியாக உள்ளே போகிறது, காற்று அதைப் பரப்புகிறது என்று தெளிவாகக் காட்டினார். நோய் என்ன என்று தெரிந்தது, மருந்து கிடைக்கவில்லை. 1882ல் அவர் திரும்பிப் போனார். 1884ல் தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்க் கவிழ்ந்தது. 1890களில் காப்பி ஏற்றுமதி உச்சத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பட்டுப்போன காப்பி மரங்களைப் பட்டை சீவி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், அங்கே தேநீர் மேஜைக்குக் கால் செய்ய என்று ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தொழிலாளி கதை இதில் எங்கே? புத்தகங்களில் துரைமார் திவாலான கதை பக்கம் பக்கமாக வரும். அதே நேரம் மாதக்கணக்கில் கூலி பாக்கி நின்றது அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். இதற்கு நடுவில் 1876ல் இங்கே தாது வருஷப் பஞ்சம். சாவதைவிடக் கண்டிச் சீமை மேல் என்று கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டினார்கள். அவர்கள் ஓடிப் போய்ச் சேர்ந்த இடத்தில் செடி செத்துக்கொண்டிருந்தது.

காப்பியைக் காப்பாற்ற முடியாமல் முதலில் சின்கோனா நட்டார்கள், பிறகு தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867லேயே 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். அவரும் 1852ல் வந்தது காப்பித் தோட்டத்து வேலைக்குத்தான். காப்பிக்கு எல்லைக்கோடாக இருந்த டிம்புல, டிக்கோயா ஈர மலைகள் தேயிலைக்கு அமிர்தமாக அமைந்தன. தேயிலைக்கு அறுவடை மாதம் என்று ஒன்று கிடையாது. வருடம் முழுக்கக் கொழுந்து கிள்ள வேண்டும். வாரத்துக்கு வாரம் கை வேண்டும், பெண்களின் கை வேண்டும், குடும்பத்தோடு வேண்டும். அந்த வாசல் மூடியது. பறித்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் லயத்து வீட்டில் நிரந்தரமாகத் தங்கினார்கள். ஒரு பூஞ்சை தமிழ்நாட்டுக் கூலியாட்களை மலையகத் தமிழர் ஆக்கியது என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம். எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

அதே துரு 1870 வாக்கிலேயே தென்னிந்தியாவுக்கும் வந்துவிட்டது. நமக்குப் பக்கத்துப் பீர்மேட்டில் காப்பி அழிந்து தேயிலை ஏறியதும் இதே கதைதான். ஆனால் மைசூர், குடகுப் பக்கம் நிழல் மரத்துக்கு அடியில் வளர்த்தார்கள், துருவைத் தாங்குகிற செடிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். 1911ல் கென்ட் என்ற தோட்டக்காரர் கண்டெடுத்த ரகம், 1925ல் பாலேஹொன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், பிறகு ரோபஸ்டா என்று தாக்குப்பிடித்தார்கள். அதனால்தான் கும்பகோணத்தில் டிகிரி காப்பி, ஹட்டனில் பிளேன் டீ. இலங்கையில் கோப்பி கொல்லைப்புறத்துக்கே திரும்பிப் போனது. இப்போது சில வருடங்களாகக் கண்டி, நுவரெலியா, மாத்தளை, பதுளைப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அராபிகாவை நட்டு, நல்ல விலைக்கு விற்கிறார்கள். அளவில் அது பழைய மலைக்கு ஒரு ஓரம்கூட வராது.

இப்போது அந்தத் ‘திரும்பி’. 1948ல் இலங்கை சுதந்திரம் அடைந்த அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரைப் பற்றி 1974ல் மறுபடி பேசி ஆளுக்குப் பாதி என்று முடித்தார்கள். மூட்டை கணக்கு மாதிரி இல்லை? தலைமன்னாரில் கப்பலேற்றி, ராமேஸ்வரத்தில் இறக்கி, மண்டபம் முகாமில் பதிந்து, நீலகிரித் தேயிலைத் தோட்டம், கன்னியாகுமரி ரப்பர் தோட்டம், நூற்பாலை என்று அனுப்பினார்கள். காப்பிக்காகப் போனவர்கள் நடந்த அதே வழி, எதிர்த்திசையில். எங்கள் கண்டி ஆச்சி திரும்பி வந்தவர் இல்லை. அவர் பிறந்தது அங்கே, அவருடைய அப்பா பிறந்ததும் அங்கே. பார்க்காத ஊருக்கு ‘திரும்பி’ வந்தார்.

2023ல் மலையக மக்கள் தாங்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்தப் படங்களை போனில் ஆச்சிக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மாத்தள வந்துட்டா?” என்று மட்டும் கேட்டார்.

இந்தப் பதிவுக்காகப் போன வாரம் மறுபடி போய் உட்கார்ந்தேன். ஆச்சி, உங்க தோட்டத்துல கோப்பி மரம் இருந்துச்சா என்று கேட்டேன். தேயிலைதான் என்றார். உரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தவர், ஓடைப் பக்கம் நாலைந்து நின்றது என்றார். யாரும் நட்டது இல்லையாம், காடு மாதிரி உயரமாக வளர்ந்து கிடக்குமாம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பிள்ளைகள் எல்லாம் சிவந்த பழத்தைப் பறித்து வாயில் போட்டுச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவார்களாம்.

“எப்படி ஆச்சி இருக்கும்?”

“இனிப்புல. லேசா, வழுவழுன்னு. பலாப்பழச் சுளைல கொட்டையச் சுத்தி இருக்கும்லா, அது மாதிரி.”